பீனியாவின் தண்ணீர்க் கணக்கு

வருடா வருடம் கோடை தொடங்கும் முன் எங்கள் பட்டறைக்கு ஒரு கேள்வித்தாள் வந்து சேரும். நாங்கள் முலாம் பூசிக் கொடுக்கும் பாகங்களை வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று அனுப்புவது. ஆரம்பத்தில் இரண்டு பக்கமாக இருந்தது. இப்போது பதினெட்டுப் பக்கம். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகிறது, பசுமைக் கொள்கை எழுத்து வடிவில் உண்டா, அதில் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டுக்கொண்டே போகும். மேலே 'சஸ்டெய்னபிலிட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இதற்கு 'நீடித்த தன்மை', 'வளங்குன்றா வளர்ச்சி' என்றெல்லாம் தமிழில் சொல்கிறார்கள். நல்ல சொற்கள்தாம். எங்கள் முதலாளிக்கு இதைக் கன்னடத்தில் விளக்க வேண்டியிருந்தபோது, "நாளைக்கும் தொழில் நடக்கணும், நாளைக்கும் தண்ணீர் இருக்கணும், அந்தக் கணக்குதான் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "துட்டு யாரு கொடுத்தாரெ?"

பணம் யார் கொடுப்பார்கள் என்ற அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நம் சங்க அன்பர்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் ஒரு பகுதியினர் என்னைப்போல் பட்டறைக்காரர்கள். இன்னொரு பகுதியினர் அந்தக் கேள்வித்தாளை அனுப்பும் கம்பெனிகளில் கொள்முதல் பிரிவிலும் தணிக்கைப் பிரிவிலும் உட்கார்ந்திருப்பவர்கள். பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். ஆனால் இந்த விஷயத்தை ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை.

முதலில் என்னைப் பற்றி. பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பொறுப்பைப் பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் போய் வருகிறேன். துத்தநாகம், நிக்கல், குரோமியம் மூன்றும் எங்கள் தொழில். சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். என் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஊரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பீனியாவின் சாக்கடை விருஷபாவதியில் சேருகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி மேகதாட்டுக்குச் சற்று மேலே, சங்கமம் என்கிற இடத்தில் காவிரியோடு சேருகிறது. அங்கிருந்து கீழே இறங்கினால் ஒகேனக்கல். 2013ஆம் ஆண்டு முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தண்ணீர் கொடுத்து வருகிறது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி. சின்ன வயதிலேயே பல்லில் பழுப்பு விழுந்தவர்கள் எங்கள் தலைமுறையில் ஏராளம். அதற்குத் தீர்வாக வந்த திட்டம் அது. சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் முதல்முறை அக்கா வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தபோது, நான் பல வருடம் என்னென்ன தண்ணீரைச் சாக்கடையில் விட்டவன் என்பது நினைவுக்கு வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை.

எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பீனியாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அதில் எங்கள் பட்டறையின் பங்கு எத்தனை சொட்டு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்த வசதியில்தான் இத்தனை காலம் ஓடியது.

எங்கள் பட்டறையில் மாற்றம் வந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொள்கை அறிக்கை எழுதுவது ஒரு மாலை நேர வேலை. அதை நான் எழுதி, முதலாளி கையெழுத்திட்டு, கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினோம். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர்கூட மிச்சமாகவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. போர்வெல், டேங்கர் இரண்டும் ஒரே தொட்டியில் விழும். அங்கிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே குழாய். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மீட்டர் வாங்கிப் போட்டேன். முதலாளிக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. ஒரு மாதம் எழுதி வைத்த கணக்கைப் பார்த்ததும்தான் பேச்சு நின்றது. பாகங்களைக் கழுவும் தொட்டிகளே பெரும்பகுதியைக் குடித்துக்கொண்டிருந்தன.

முலாம் பூசும் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாகங்களை ஜிக்கில் மாட்டி ரசாயனத் தொட்டியில் முக்கி எடுக்கிறோம். எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் கரைசல் அடுத்த கழுவு தொட்டிக்குப் போகிறது. அதுதான் கழிவாகிறது. நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் நாம் கொடுத்த காசும் அதோடு சாக்கடைக்குப் போகிறது. ஜிக்கைத் தொட்டியின் மேலேயே பத்து விநாடி பிடித்திருந்தால் கணிசமான சொட்டு உள்ளேயே விழுந்துவிடும். இதைப் பத்து முறை வகுப்பெடுத்தேன். பையன்கள் தலையாட்டுவார்கள், நான் திரும்பியதும் வழக்கம்போல் சட்டென்று அடுத்த தொட்டிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. பத்து விநாடி என்பது அவர்கள் வீட்டு அரிசி. கனமான ஜிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற வலியும் அவர்களுடையது.

பிறகு ஒரு நாள் வெல்டிங் பையனைக் கூப்பிட்டுத் தொட்டிக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி போட்டேன். எடுத்த ஜிக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். அதற்குள் முதல் ஜிக் சொட்டி முடித்திருக்கும். கைக்கும் ஓய்வு, கூலிக்கும் பங்கமில்லை. செலவு சில நூறு ரூபாய்தான். என்னுடைய பத்து வகுப்புகள் செய்யாததை அந்தக் கம்பி செய்தது.

அடுத்தது கழுவு தொட்டிகள். முன்பு ஒரே தொட்டியில் குழாயைத் திறந்து விட்டிருப்போம். இப்போது தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, பாகம் ஒரு திசையில் போக, தண்ணீர் எதிர்த்திசையில் வரும்படி செய்தோம். கடைசித் தொட்டியில் விழும் நல்ல தண்ணீர் அழுக்காக அழுக்காக முன் தொட்டிக்கு நகரும். இது உலகம் முழுவதும் தெரிந்த பழைய முறை. நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாள் ஒன்றுக்கு இரண்டு டேங்கர் வாங்கிய இடத்தில் ஒன்று போதும் என்றானது. குரோமியக் கழிவை அமிலத்தில் மெட்டாபைசல்பைட் போட்டு, மஞ்சள் நீர் பச்சையானதும் சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைக்கிறோம். படிந்த சேற்றை மூட்டை கட்டி அங்கீகாரம் பெற்ற கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு எடைக்குப் பணம். லாபம் தராத செலவு இது ஒன்றுதான். ஆனால் நாணயமாகச் செய்ய வேண்டியதும் இதுதான். சிக்கலும் இங்கேதான் ஆரம்பம்.

அதற்கு முன் பெரியவர்கள் செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் இன்ஃபோசிஸ் 2008ஆம் ஆண்டு முதல் ஒரு பணியாளருக்கு எவ்வளவு மின்சாரம் என்று கணக்கு வைத்து, அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. 2020இல் கரிமச் சமநிலையை எட்டியதாக அறிவித்தது. இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் ஐதராபாத் வளாகத்தில் கட்டிய ஒரு கட்டடத்தின் கதை. 2011 வாக்கில் கட்டியது. கட்டடத்தின் ஒரு பாதிக்கு வழக்கமான ஏர்கண்டிஷன். மறுபாதிக்குத் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓட்டிக் குளிர்விக்கும் முறை. ஒரே வெயில், ஒரே மாதிரி வேலை. இரண்டு பக்கமும் தனித்தனி மீட்டர். இரண்டு ஆண்டு பார்த்ததில் குழாய்ப் பாதி மூன்றில் ஒரு பங்கு குறைவாக மின்சாரம் எடுத்தது. கட்டியபோது ஆன செலவும் ஏறக்குறைய சமம்தான். நம்பச் சொல்லி உபதேசிக்காமல், பாதிக்குப் பாதி கட்டிக் காட்டியதால், பிறகு வந்த கட்டடங்களுக்கு யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அது சொந்தக் கட்டடம், சொந்த மின்கட்டணம். மிச்சமான ரூபாய் அவர்கள் பெட்டியிலேயே விழுந்தது. சிறு பட்டறையின் நிலை வேறு. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு எங்களுடையது. அதனால் வரும் நற்பெயர் வாங்குபவருடைய ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு வருகிறது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் எனப்படும் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று செபி விதித்தது நல்ல காரியம். 2023 ஜூலையில், பெரிய கம்பெனிகள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரின் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு படி மேலே போனது. கம்பெனிகள் சிரமம் என்று சொல்ல, 2025 மார்ச்சில் அந்தப் பகுதியை விருப்பத்துக்கு விட்டு, காலத்தையும் ஒரு வருடம் தள்ளி வைத்தது. பெரியவர்களுக்குச் சிரமம் என்றால் விதி தள்ளிப்போகிறது. எங்களுக்கு வரும் கேள்வித்தாள் மட்டும் ஒரு வருடமும் தள்ளிப்போனதில்லை!

கேள்வித்தாளை ஒரு மேஜை அனுப்புகிறது. விலையைப் பேசுவது வேறொரு மேஜை. முதல் மேஜைக்காரர் கழிவுச் சேற்றுக்கு ரசீது கேட்கிறார். இரண்டாவது மேஜைக்காரர், "பக்கத்துப் பட்டறை பத்து பைசா குறைத்துச் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். பக்கத்துப் பட்டறை எப்படிப் பத்து பைசா குறைக்கிறது என்பது பீனியாவில் எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்து இரவுகளில் சாக்கடைப் பக்கம் போனால் மூக்குக்கும் தெரியும். இரண்டு மேஜைக்கும் இடையே இருபது அடி தூரம்தான் இருக்கும். இந்த இருபது அடியைக் கடக்காத எந்தக் கம்பெனியின் பசுமைத் திட்டத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை.

கடக்க முடியும் என்பதற்கு எங்கள் தொழிலிலேயே உதாரணம் உண்டு. பல வருடமாக நாங்கள் துத்தநாகத்தின் மேல் மஞ்சள் பளபளப்புக்காக ஆறு இணைதிறன் குரோமியம் பயன்படுத்தினோம். புற்றுநோய் தருவது என்று தெரிந்த பொருள். உள்ளூரில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் அது கூடாது என்று ஐரோப்பா விதி போட்டது. ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் ஓடி வந்தன. இந்த முறை வெறும் கேள்வித்தாளோடு வரவில்லை. புதிய ரசாயனத்துக்குத் தனி விலை பேசினார்கள், சோதனைக்கு ஆள் அனுப்பினார்கள், சரிப்படும்வரை சில மாதம் பொறுத்தார்கள். முடியாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த காரியம் ஒரு வருடத்துக்குள் முடிந்துபோயிற்று. சரக்கு திரும்பி வந்துவிடுமோ என்று வாங்குபவர் பயந்தார். ஆகவே பணமும் கொடுத்தார். அக்கா வீட்டுக் குழாய்க்காக அப்படிப் பயப்பட யாரும் இல்லை.

திருப்பூர்க் கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டினார்கள். சாயப்பட்டறைக் கழிவு தேங்கியதால், தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று உழவர்களே கேட்டுக்கொள்ளும் அணையாக அது ஆயிற்று. அணையைத் திறக்காதே என்று ஆயக்கட்டுக்காரன் சொல்லும் நிலை வேறெங்காவது உண்டா, தெரியவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்காடியது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது. காலம் கேட்டார்கள், கிடைத்தது, மீண்டும் கேட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே நாளில் ஊரின் தொழில் நின்றது. கூலிக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தமிழக அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் கூட்டாக நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவை வடிகட்டி, கொதிக்க வைத்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. இன்று அயல்நாட்டு வியாபாரிகளிடம் திருப்பூர்க்காரர்கள் இதையே பெருமையாகச் சொல்லி ஆர்டர் வாங்குகிறார்கள். தனித்தனியே முடியாததைக் கூட்டாகச் செய்தார்கள், செலவில் அரசும் தோள் கொடுத்தது. ஆனால் அந்த ஞானம் வருவதற்குள் ஒரு ஆறும் பல கிராமத்துக் கிணறுகளும் பாழாகிவிட்டன. சில பட்டறைகள் கண்காணிப்பில்லாத வேறு ஊர்களுக்கு நகர்ந்து, அங்கே அதே வேலையைத் தொடங்கியதும் உண்டு.

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதியே உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், அசுத்தம் செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. எனக்கு ஒரே ஒரு ஐயம். குரோமியக் கழிவை விட்டது ஆம்பூர்க்காரர் என்றால், அந்தத் தோலில் செய்த ஷூவின் அடக்க விலையை அடித்துப் பேசிய கடல் தாண்டிய வியாபாரி யார்? சட்டத்தில் அவருக்குப் பெயரில்லை. என் போன்ற பட்டறைக்காரன் கேட்டால் சாக்குச் சொல்வதாகத்தான் தோன்றும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

எங்கள் முதலாளி மனம் மாறியது சட்டத்தாலும் இல்லை, என் பேச்சாலும் இல்லை. 2024 மார்ச் மாதம்தான் காரணம். அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். போர்வெல்கள் வற்றின. குடிநீரைக் கார் கழுவவும் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் பயன்படுத்தினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர்காரர்கள் கேட்டதே விலை என்றானதும், ஐந்து கிலோமீட்டருக்குள் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசு விலை கட்ட வேண்டி வந்தது. கட்டிய விலைக்கு எங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை என்பது வேறு கதை. பக்கத்தில் சில பட்டறைகள் வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தன. நாங்கள் ஒரு ஷிப்டும் நிறுத்தவில்லை. அந்த மாதக் கடைசியில் முதலாளி மீட்டர் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். இப்போது தினமும் காலையில் அவரே மீட்டர் பார்க்கிறார்.

அந்த வருடமே அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி ஆயிற்று. உடனே, தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் இறைத்துக் கொண்டுவரும் தண்ணீர் அது. அதில் ஜிக் கழுவுவது நெய்யில் காலைக் கழுவுவது மாதிரி. சுத்திகரித்த கழிவு நீரைத் தொழிற்பேட்டைக்குக் குழாயில் கொடுத்தால் எங்கள் தொழிலுக்கு அது போதும். மேற்கொண்டு வடிகட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவு நீரை உயர்தரமாகச் சுத்திகரித்து 2019 முதல் ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெங்களூரிலோ, சுத்திகரித்த நீரைக் கோலார் ஏரிகள் வரைக்கும் குழாயில் அனுப்புகிறோம். அதை நான் குறை சொல்லவில்லை, கோலார்க்காரர்களுக்கும் தண்ணீர் வேண்டும்தான். பீனியா அதைவிடப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

கொள்முதல் பிரிவில் இருக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை விலைப்பட்டியல் கேட்கும்போது, கழிவைச் சுத்தம் செய்யும் செலவுக்கென்று ஒரு தனி வரி போடச் சொல்லுங்கள். அந்த வரியில் பேரம் பேசாதீர்கள். அதற்குப் பதிலாக ரசீதைக் கேளுங்கள், சொல்லாமல் வந்து பாருங்கள், பொய்யானால் ஆர்டரை நிறுத்துங்கள். பத்து பைசா குறைத்துச் சொல்பவரிடம் அந்தப் பத்து பைசா எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் மேலதிகாரி என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் முதலாளியும் முதலில் அதைத்தான் சொன்னார்.

பட்டறை நடத்தும் அன்பர்கள் கொள்கை அறிக்கை எழுத என்னிடம் உதவி கேட்டு வரவேண்டாம். மீட்டர் எங்கே வாங்குவது, கம்பியை எந்த உயரத்தில் போடுவது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து காட்டுகிறேன்.

இந்த வருடக் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில், வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால் எழுதுக என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். ஒரு கிலோ சேற்றை அனுப்ப எங்களுக்கு ஆகும் செலவையும், ஒரு பாகத்துக்கு அது எத்தனை பைசா என்பதையும் எழுதி, இதை விலைப் பிரிவுக்குக் காட்டவும் என்று குறிப்புப் போட்டு அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து விலைப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சில் சேலத்துக்காரர் என்று தெரிந்தது. "ஐயா, அந்தக் கணக்கை எப்படிப் போட்டீங்கன்னு ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கலாமா?" என்றார். வெள்ளிக்கிழமை வாருங்கள் தம்பி, அன்றைக்குத்தான் சேறு அள்ளுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.